வரையாட்டுக்கு முதலில் உப்பு, பிறகு ஊசி

யானை ஊருக்குள் இறங்கினாலும் சரி, சிறுத்தை பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தாலும் சரி, எங்கள் மரக்காணம் டீக்கடையில் தீர்ப்பு ஒன்றுதான். "ஒரு மயக்க ஊசியப் போட்டுப் புடிக்க வேண்டியதுதானே டாக்டரே, இதுக்கு எதுக்கு இத்தன ஜீப்பு?" ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் ஒருவன் பக்கத்து பெஞ்சில் இருப்பதால் கேள்வி என்னிடம்தான் வரும். நான் டீயை ஆற்றிக்கொண்டே சும்மா இருந்துவிடுவேன். உப்பு வாரப் போகிறவர்களைக் காலை ஆறு மணிக்கு நிறுத்திவைத்து மருந்துப் பாடம் நடத்துவது நியாயமில்லை. வெயில் ஏறிவிடும்.

ஆனால் இதே பேச்சைப் படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகப் பேசும்போது சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் வேப்பேரிக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு வரையாட்டுப் பக்கம் திரும்பியது. "நூறு பிடிச்சா ஒண்ணு ரெண்டு போகத்தான்டா செய்யும். அறிவியல்னா அப்படித்தான்" என்றான். அவனுக்கு அன்று சொன்ன பதில் போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நீலகிரி முக்குருத்தி தேசியப் பூங்காவில், ரேடியோ காலர் மாட்டுவதற்காக ஒரு பெண் வரையாட்டை மயக்கிப் பிடிக்க முயன்றார்கள். அது இறந்துபோனது. சினையாக இருந்தது என்று செய்தி வந்தது. பத்திரிகையில் ஒரு நாள், முகநூலில் மூன்று நாள் ஓடியது. பிறகு வேறு செய்தி வந்துவிட்டது.

வரையாடு நம் மாநில விலங்கு. சங்கப் பாட்டில் வருடை என்று வருகிறதே, அதுதான். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதைக் காப்பாற்ற 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு போட்டது. 2022 டிசம்பரில் ஆணை, 2023 அக்டோபரில் தொடக்கம். நல்ல திட்டம், நான் அதை எதிர்க்கவில்லை. 2024-ல் தமிழகப் பக்கம் எண்ணியபோது 1,031 ஆடுகள். அடுத்த ஆண்டு 1,303. நம் மரக்காணத்துத் தெரு ஒன்றில் இதைவிட அதிக வெள்ளாடு இருக்கும் என்று சொன்னால் மிகை, இரண்டு மூன்று கிராமத்தில் நிச்சயம் இருக்கும். அவ்வளவுதான் நம்மிடம் இருக்கிற வரையாடு.

மயக்க ஊசி என்றால் தூக்கம் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. சினிமாவில் ஊசி பட்டதும் புலி இரண்டடி நடந்து பொத்தென்று விழும். நிஜத்தில் ஊசி தசைக்குள் போய், மருந்து ரத்தத்தில் கலந்து, விலங்கு தள்ளாடிப் படுக்கக் குறைந்தது ஐந்து, பத்து நிமிடம் ஆகும். ஊசி கொழுப்பிலோ எலும்பிலோ பட்டால் இன்னும் நேரமாகும், அல்லது படுக்கவே படுக்காது. அந்தப் பத்து நிமிடம் அது எங்கே போகும்? புள்ளிமான் புதருக்குள் ஓடும். யானை காட்டுக்குள் நடக்கும். வரையாடு ஆபத்து என்றால் ஓடுகிற இடம் ஒன்றே ஒன்று: பாறை விளிம்பு. சிறுத்தையும் செந்நாயும் வர முடியாத செங்குத்துச் சரிவில் போய் நின்றுகொள்வதுதான் அதன் பிழைக்கும் வழி, எத்தனையோ ஆயிரம் ஆண்டாக. நாம் ஊசி போட்டதும் அது அங்கேதான் போகும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கால் தடுமாறும்.

இது முதல் சங்கடம். இரண்டாவது சங்கடம் மருந்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் கால்நடை மருத்துவர் கையில் எளிதாகக் கிடைப்பது சைலசின், கீட்டமின் என்ற இரண்டும்தான். சைலசினை நான் முப்பது வருடம் கையாண்டிருக்கிறேன். குதிரைக்குக் கொடுக்கிற அளவில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். வெள்ளாடு மாட்டைவிடவும் கூச்சப்படும். சொட்டுக் கணக்கில் எண்ணிப் போட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் மூச்சு விழும், வயிறு உப்பும். செம்மறிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அசைபோடும் சாதியிலேயே ஆட்டினம்தான் இந்த மருந்துக்கு மிகவும் பயந்தது. வரையாடும் ஆட்டுக் குடும்பம்தான்.

ஆனால் காட்டு விலங்குக்கு வீட்டு விலங்கின் அளவு பிடிக்காது. பயந்து, ஓடி, உடம்பு முழுவதும் அட்ரினலின் பாய்ந்து நிற்கிற விலங்கு சிறிய அளவைச் சட்டையே செய்யாது. ஆகவே பல மடங்கு கூட்டிப் போட வேண்டியிருக்கிறது. எந்த இனத்தால் அந்த மருந்தைக் குறைவாகத் தாங்க முடியுமோ, அதற்கே அதிகம் போட வேண்டிய நிலை. அதையும் எடை பார்க்காமல். பெரிய ஆண் நூறு கிலோ வரும், பெண் அதில் பாதி வரும். மூடுபனியில் நாற்பது மீட்டர் தள்ளி நிற்கிற ஆட்டின் எடையைக் கண்ணால் மட்டிட்டு மருந்தை ஏற்ற வேண்டும். முக்குருத்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு. சைலசின் ஏற்கெனவே ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கிற மருந்து. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விழுந்த பிறகு நடக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ஆடு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கக் கூடாது. கிடந்தால் இரைப்பைக் காற்று வெளியேற வழியில்லாமல் உப்பி, நெஞ்சை அழுத்தும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தைத் தூக்கி, வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். இரைப்பையிலிருந்து தண்ணீர் மேலே வந்தால் வெளியே ஒழுகட்டும், மூச்சுக்குழலுக்குள் போகக் கூடாது. கண் திறந்தே இருக்கும். களிம்பு தடவித் துணியால் மூட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்புச் சூடு பார்க்க வேண்டும். ஓடி வந்ததால் முதலில் ஏறும், பனியில் படுத்திருப்பதால் பிறகு இறங்கும், இரண்டுமே ஆபத்து. பக்கத்தில் ஆக்சிஜன் உருளை வேண்டும். எல்லாம் முடிந்ததும் யோகிம்பின் போட்டு எழுப்ப வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். யோகிம்பின் சைலசினை மட்டும்தான் முறிக்கும். கீட்டமின் உடம்பில் தீரும் முன்னால் அவசரப்பட்டு முறித்தால் விலங்கு விறைத்து வெட்டி இழுக்கும். அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆடு படுத்திருப்பது சரிவில், மணி நாலரை ஆகிவிட்டது, மூடுபனி ஏறுகிறது என்றால் அந்த அரைமணி எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் அந்த மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. வனத்துறையில் பணிபுரிகிற கால்நடை மருத்துவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் எங்கள் துறையிலிருந்து அயல்பணியில் போனவர்கள். இன்று யானை, நாளை சிறுத்தை, மறுநாள் கிணற்றில் விழுந்த காட்டெருமை என்று மாவட்டம் மாவட்டமாக ஓடுகிறவர்கள். 'டாக்டர் கே' என்று எல்லோரும் அழைத்த வி. கிருஷ்ணமூர்த்தி மாதிரி ஒருவர் யானையை அறிந்ததற்குக் காரணம், வாழ்நாள் முழுவதும் யானையோடேயே இருந்தது. வரையாட்டோடு வாழ்நாள் முழுவதும் இருக்க எந்த மருத்துவரை நாம் விட்டிருக்கிறோம்?

இனி மாதக் கணக்கு. என் கோபமெல்லாம் இதில்தான்.

வரையாடு இணைசேர்வது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். ஆக, ஜனவரி, பிப்ரவரியில்தான் குட்டிகள் அதிகமாக விழும். இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. பக்கத்தில் கேரளத்தில், மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவை இதற்காகவே ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். பேருந்தில் வந்து, தார்ச் சாலையில் நின்று, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களைக்கூட அந்த மாதங்களில் உள்ளே விடுவதில்லை, தாய் ஆடு கலவரப்படும் என்று. பார்க்கவே கூடாத பருவத்தில் சுடலாமா?

சைலசின் நிறைசினையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்று எங்களுக்கு மாட்டு வைத்தியத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி மாதத்துச் சினை மாட்டுக்கு அதைத் தொடாதே என்பது நாங்கள் பால்குடி மாதிரி பழகிய விதி. காட்டு ஆட்டுக்கு அந்த விதி மாறிவிடாது. ஆட்டின் உடம்பில் சுமை கூடியிருக்கும், நுரையீரலுக்கு இடம் குறைந்திருக்கும், ஓடினால் சீக்கிரம் களைக்கும்.

"அப்படியானால் எந்த மாதம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை பெண் ஆடு சினை. அதற்குப் பிறகு கைக்குட்டி. ஜூன் வந்தால் நீலகிரியின் மேற்கு விளிம்பில் பேய்மழை, மனிதனே நிற்க முடியாது. பெண் வரையாட்டுக்கு நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. கெடுதல் குறைந்த மாதம்தான் உண்டு. என்னைக் கேட்டால் குட்டி ஓரளவு மேயத் தொடங்கிவிடுகிற மே மாதம், அதிலும் காலை நேரம். இல்லையென்றால் முதல் சில ஆண்டுகளுக்குப் பெண்ணை விட்டுவிட்டு ஆணை மட்டும் பிடித்துக் கை பழகுங்கள். ஆண் ஒன்று போனால் மந்தை குறைவதில்லை. கேட்கக் கல்நெஞ்சமாகத் தெரியும். நாலு கிடாய் வைத்து மந்தை மேய்க்கிற எந்தக் கோனாரிடமும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்.

இனி நண்பனின் "நூறுக்கு ஒன்று ரெண்டு". அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்காண்டிநேவிய நாடுகளில் மூஸ் என்கிற பெருமானையும் கரடியையும் ஓநாயையும் ஆண்டுக்கணக்காக மயக்கிப் பிடித்த அனுபவத்தை ஆர்னெமோ என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2006-ல் வெளியிட்டார்கள். மூஸில் இறப்பு 0.7 சதவீதம். ஓநாயிலும் லின்க்ஸ் என்கிற காட்டுப்பூனையிலும் மூன்றுக்கு மேல். ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டு அவர்கள் சொன்னது: இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் அந்த முறையை ஏற்கக் கூடாது, நிறுத்தி ஆராய வேண்டும். அதோடு, பிடித்து விட்ட ஒரு மாதத்துக்குள் விலங்கு இறந்தாலும், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, அதைப் பிடித்ததன் கணக்கிலேயே எழுத வேண்டும் என்றார்கள். நண்பன் இரண்டு சதவீதத்தை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டான். அவர்கள் அதை அபாயச் சங்கிலியாக எழுதியிருந்தார்கள். தவிர, நூறு பிடித்து ஒன்று இழப்பதும், கைவிட்டு எண்ணக்கூடிய அளவு பிடிக்கும்போது ஒன்று இழப்பதும் ஒரே கணக்கா?

அந்த ஒரு மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். பணியில் இருந்தபோது, திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஏரிக்கரையில், நாய்கள் விரட்டி வந்த புள்ளிமான் ஒன்றை ஊர்ப் பிள்ளைகள் பிடித்து, நல்லெண்ணத்தோடுதான், காலைக் கட்டி, லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சுற்றி ஐம்பது பேர், கையில் செல்போன். உடம்பில் காயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குளுக்கோஸ் ஏற்றினோம், இருட்டறையில் வைத்தோம், எழுந்து நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் பின்னங்கால் விறைத்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டது. எல்லை மீறி ஓடின தசை சிதைந்து, அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துக் கொல்கிற நோய் அது. 'பிடிநோய்' என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். மருந்து கிடையாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்: விரட்டாதே, சூழாதே, கத்தாதே, சீக்கிரம் விடு. காலர் மாட்டி விட்ட ஆடு எழுந்து ஓடியதும் கைதட்டிப் படம் எடுக்கிறோம். மூன்றாம் நாள் அது எப்படி இருந்தது என்பதல்லவா செய்தி?

இவ்வளவும் சொன்னதால் "கையே வைக்காதே" கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கட்சி எனக்கு இன்னும் ஆகாது. வரையாடு இன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நடுவே தேயிலை, சீகை, யூகலிப்டஸ், சாலை, அணை. எந்த மந்தை எந்தத் துண்டுக்குப் போய் வருகிறது என்பதைக் காலர் இல்லாமல் உறுதியாகச் சொல்வது கஷ்டம். முக்குருத்திப் பக்கம் சில ஆடுகளுக்கு உடம்பில் கட்டி வருகிறது. அதைப் பார்க்கக் கிட்டே போயாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருகாலத்தில் வரையாடு இருந்து அழிந்துபோன மலைகளில் மறுபடி கொண்டுபோய் விடுவது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. கொண்டுபோய் விட வேண்டுமென்றால் முதலில் உயிரோடு பிடிக்கத் தெரிய வேண்டும். ஒன்றைப் பிடிப்பதில் கோளாறு என்றால் இருபதை எப்படி மாற்றுவது? ஆகவே பிடிக்கத்தான் வேண்டும். எண்ணிக்கைக்கு மட்டும் காலர் தேவையில்லை; ஈ.ஆர்.சி. டேவிதார் 1975-ல் மலை மலையாக ஏறி நடந்தேதான் எண்ணினார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐ வரையாடு தினம் என்று வைத்திருக்கிறோம்.

எப்படிப் பிடிப்பது? இங்கேதான் எங்கள் ஊர்ச் சரக்கு வருகிறது.

மரக்காணத்து வெள்ளாடு உப்பைத் திரும்பிப் பார்க்காது. கழுவெளி ஓரத்தில் உமரியைக் கடித்துவிட்டு, உப்புக் காற்றைக் குடித்துவிட்டு வருகிற ஆட்டுக்கு உப்பு எதற்கு? உப்பளத்து வரப்பில் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தாலும் தாண்டிக்கொண்டு போகும். ஆனால் நான் மூன்று வருடம் நீலகிரியில் வேலை பார்த்தபோது கண்டது வேறு. மழை ஓயாமல் கழுவுகிற உயர்ந்த மலையில் மண்ணிலும் புல்லிலும் சோடியம் நிற்பதில்லை. அங்கே மாடு மனிதனின் வியர்த்த சட்டையை நக்கும். தோடர்கள் தங்கள் எருமைகளுக்கு உப்புநீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே நடத்துகிறார்கள். கடற்கரைக்காரனுக்கு அது வேடிக்கையாகத் தெரியும். அந்த மலையில் உப்புக்கு இருக்கிற இழுப்பு அப்படி.

வரையாட்டுக்கும் அதே பசிதான். கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்கர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரவிகுளத்தில் தங்கி வரையாட்டை ஆராய்ந்தார். அவர் மந்தையைத் தனக்குப் பழக்கியது உப்பைக் காட்டித்தான். சில மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, கொம்பு முட்டுவதிலிருந்து குட்டி பால் குடிப்பதுவரை குறிப்பெடுத்தார். வரையாட்டைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குறிப்பிலிருந்து வந்தது. அதே மனிதர் பின்னாளில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அந்த ஊர் மலையாட்டை ஆராயப் போனார். அங்கேயும் உப்புக் கதைதான். ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் அந்த மலையாடுகள் உப்புக்காக, மலையேற வருகிறவர்களின் வியர்வைக்கும் சிறுநீருக்கும் பின்னாலேயே சுற்றி, ஆளை முட்டுகிற அளவுக்குப் போய்விட்டன. 2018-லிருந்து 2020 வரை முந்நூறுக்கும் மேற்பட்டதைப் பிடித்து வேறு மலைத்தொடருக்கு மாற்றினார்கள். ஹெலிகாப்டர், வலைத்துப்பாக்கி, மயக்க ஊசி எல்லாம் வைத்திருந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, அதைக் கேட்கவும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உப்பை. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, சமதளமான புல்வெளியில், உப்பு வையுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். ஒரே ஆள், ஒரே உடுப்பில், ஒரே நேரத்துக்கு வந்து உட்கார்ந்து போகட்டும். மலையை அறிந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள், இந்த வேலை அவர்களுக்குக் கைவந்தது. ஆடு தானாக இறங்கி வரும். வந்தபின் இரண்டு வழி. ஒன்று, கம்புகளில் தூக்கிக் கட்டிய வலையை மேலிருந்து விழவைத்துப் பிடிப்பது; வடஅமெரிக்காவில் மலைச்செம்மறிகளை இப்படி எத்தனையோ பிடித்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டி, காலைப் பிணைத்து, காலரை மாட்டிப் பத்து நிமிடத்தில் விட்டுவிடலாம், மருந்தே இல்லாமலோ மிகக் குறைந்த மருந்திலோ. இதிலும் கால் முறியலாம், கொம்பு ஆளைக் கிழிக்கலாம், பிடிநோய் வரலாம். பழகின கைகள் வேண்டும். இன்னொன்று, ஊசியே போடுவது. ஆனால் நாற்பது மீட்டர் தூரத்தில், ஓடி மிரண்டு நிற்கிற ஆட்டுக்கு அல்ல. பதினைந்து மீட்டரில், உப்பை நக்கிக்கொண்டு நிதானமாக நிற்கிற ஆட்டுக்கு. எது சினை, எது மலடு, எது குட்டித்தாய் என்று வாரக்கணக்கில் பார்த்துத் தெரிந்தபிறகு. அட்ரினலின் இல்லாத உடம்பில் பாதி மருந்து போதும். மருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைக் கலந்து போட்டால் படுக்கிற நேரமும் குறையும். ஓட ஆரம்பித்தாலும் விளிம்பு தூரம்.

உப்பு வைப்பதற்கும் மறுப்பு உண்டு, எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் மந்தை கூடினால் நோய் பரவும், குடற்புழு ஏறும். சிறுத்தைக்கும் அந்த இடம் தெரிந்துபோகும். மனிதனுக்குப் பழகின ஆடு திருட்டு வேட்டைக்காரனுக்கும் பழகினதுதான். ஆகவே நிரந்தரமாக வைக்கக் கூடாது. சில வாரம், பிறகு எடுத்துவிட்டு வேறு இடம். காவல் உள்ள இடத்தில் மட்டும். வனவுயிர்ச் சட்டத்தில் இரை வைத்து இழுப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் வருகிறது. ஊசிக்கு வாங்குகிற அனுமதியை இதற்கும் வாங்க வேண்டும். வாங்கட்டுமே. மத்தியப் பிரதேசத்தில் 2025 அக்டோபரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வெளிமான்களை மயக்க மருந்தே இல்லாமல் ஹெலிகாப்டரில் மெல்ல ஓட்டி, புனல் வடிவ வேலிக்குள் சேர்த்துப் பிடித்தார்கள். சமவெளி முறை அது, நம் பாறைக்கு ஒத்துவராது. ஆனால் ஊசித் துப்பாக்கியை எடுக்கும் முன் இந்த இனத்துக்கு எது ஒத்துவரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் கேட்பது அந்த யோசனையைத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குப் பணமும் தேவையில்லை. வரையாடு ஒன்று நம் கையில் இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை முழுதாக வெளியே வரட்டும். எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரம், எத்தனை மீட்டர் தூரம், படுக்க எத்தனை நிமிடம், உடம்புச் சூடு எவ்வளவு, எழுப்பினபோது என்ன நடந்தது. பிழைத்ததற்கும் அதே விவரம், ஒரு மாதம் வரை. பெயர் வேண்டாம், யாரையும் தண்டிக்கவும் வேண்டாம். மருத்துவரைத் தண்டிப்பார்கள் என்ற பயம் இருக்கிறவரை எந்த அறிக்கையும் நேர்மையாக வராது என்பது முப்பத்து நாலு வருட அரசுப் பணியில் எனக்குத் தெரிந்த விஷயம். களக்காட்டிலோ வால்பாறையிலோ அடுத்த முறை துப்பாக்கியில் மருந்தை ஏற்றப்போகிற இளைய மருத்துவருக்கு முக்குருத்தி ஆடு எப்படிப் போனது என்று எண்ணோடு தெரிந்திருக்க வேண்டும். இப்போது அவருக்குத் தெரிவது என்னைப் போலப் பத்திரிகையில் படித்தது மட்டும்தான்.

நண்பனுக்கு இதன் சுட்டியை அனுப்பப் போகிறேன். நிச்சயம் சண்டைக்கு வருவான். வரட்டும். உப்புக்குக் குறைச்சலில்லை, கோணி ஒன்றுக்கு ஐம்பது கிலோ, நல்ல கல்லுப்பாக, ஊட்டி லாரியில் ஏற்றிவிட நானாயிற்று.